பறந்தனவா? விரட்டினோமா?

நண்பர் ஒருவர் வீட்டுக் கூடத்திலே, சுவரின் பாதியை அடைத்துக்கொண்டு தொங்குகிறது ஒரு படம். கோடிக்கரைச் சதுப்பிலே எடுத்தது. சாம்பல் நிற நீர்ப்பரப்பு; அதன்மீது, நீரை உதைத்து ஓடி, இறக்கை விரித்து எழும் பூநாரைகள், நூற்றுக்கணக்கில்! வெண்ணிற உடல், நீட்டிய கழுத்து, இறக்கையின் மடிப்பு அவிழ்ந்ததும் வெளிப்படும் செந்நிறம், அதன் ஓரத்திலே மையிட்டாற்போல் கருமை. கால்கள் உதைத்த இடமெல்லாம் நீர்த்துளிகள் சிதறி, விழாமல் அந்தரத்திலே நிற்கின்றன. ஒரு வினாடியை 2000 கூறாக்கி, அதிலே ஒரு கூற்றை மட்டும் வெட்டி எடுத்துச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார் நண்பர்.

வந்தவர் அனைவரும் வியந்தனர். "என்ன எழில்! என்ன எழில்!" என்றார் ஒருவர். "விடுதலையின் வடிவம்!" என்றார், கவிதை எழுதும் பழக்கமுடைய மற்றொருவர். நானும் வியந்தேன், அந்த வியப்பு பொய்யன்று. ஆனால், வியந்து முடிந்ததும் உள்ளத்திலே ஒரு கேள்வி எழுந்தது, எழுந்ததைக் கேட்டுவிட்டேன்.

"இவை ஏன் பறக்கின்றன?"

நண்பர் சிரித்தார். "ஏனா? நான்தான் பறக்கவைத்தேன்!" என்றார்.

கதையை அவரே கூறினார். மாசி மாதம். விடியுமுன்பே சதுப்புக்குச் சென்றுவிட்டார். இரண்டு மணி நேரம் காத்திருந்தார். பூநாரைகளோ, தலையைக் கவிழ்த்து நீரைத் துழாவியபடியே இருந்தன, நிமிரவில்லை, நகரவில்லை. வெயில் ஏறுகிறது, காலை ஒளியின் கனிவு குறைகிறது, நண்பருக்குப் பொறுமை போகிறது. அருகிலே உப்புப் பாத்தியில் ஒரு தொழிலாளி உப்பு வாரிக்கொண்டிருந்தார். அவரை அழைத்து, "நூறு ரூபாய் தருகிறேன், அந்தப் பக்கமாகப் போய்க் கை தட்டு" என்றாராம். அந்த மனிதரோ, கையிலிருந்த பலகையை நிறுத்தாமலே, "அதுங்க மேயுது, மேயட்டும் விடுங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தாராம். வேறு வழியின்றி, நண்பர் தாமே ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசினார். படம் கிடைத்தது!

"நூறு ரூபாய் வேண்டாம் என்கிறான், பிழைக்கத் தெரியாதவன்!" என்று நண்பர் கூறி முடித்ததும், கூடமே சிரித்தது.

என்னால் சிரிக்க முடியவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம், அந்த உப்பளத் தொழிலாளியின் ஒரு வரியே செவியிலே ஒலித்துக்கொண்டிருந்தது. பிழைக்கத் தெரியாதவர் யார்? படித்த நண்பரா, பலகை பிடித்த தொழிலாளியா?

தோழர்களே! இதை ஒரு வழக்காகவே எடுத்துக்கொண்டு ஆராய்வோம். நண்பர் கொடியவரல்லர். தாமாக எந்தப் பறவையையும் கொன்றவரல்லர். பறவைகளிடம் பற்றுடையவர், அந்தப் பற்றுக்காகப் பணத்தையும் தூக்கத்தையும் செலவிடுபவர். ஆகவே, ஏசுவது எளிது, ஆராய்வதே கடமை. அவர் தரப்பிலே சொல்லக்கூடியவற்றை, அவர் சொல்வதைவிடத் தெளிவாகவே எடுத்து வைப்போம். எதிரியின் வாதத்தை ஊமையாக்கிவிட்டு வெற்றி முழக்கம் செய்வது நமக்கு அழகன்று.

முதலிலே, வழக்கு நடந்த இடத்தைப் பார்ப்போம்.

நாகை மாவட்டத்தின் தென்கோடியிலே, தெற்கு நோக்கி வரும் சோழமண்டலக் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்புகிற முனைதான் கோடிக்கரை. அங்கிருந்து மேற்கே, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரையில் பரந்து கிடக்கிறது வேதாரண்யம் சதுப்பு. மழைக்காலத்திலே அது ஓர் ஏரி. கோடையிலோ வெடித்த சேறும், வெள்ளைப் பொருக்காய்ப் படிந்த உப்பும். உமரி போன்ற சில செடிகளே தாக்குப்பிடிக்கும் உவர் நிலம். உழுபவன் கண்ணுக்கு அது பாழ் நிலம். ஆனால், உள்ளானின் கண்ணுக்கு அதுவே உணவுக் களஞ்சியம்! சேற்றிலே புழுக்கள், உவர்நீரிலே சிறு இறால்கள், நுண்பாசிகள். வடகிழக்குப் பருவமழையோடு பறவைகள் வந்து இறங்குகின்றன: பூநாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், ஆலா, மூக்கன், உள்ளான் என்று வகைவகையாக. 1967-இல் கோடிக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் சதுப்பையும் உட்படுத்தி, ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலிலே அது சேர்க்கப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், அங்கே வரும் பறவைகளின் கால்களிலே எண் பொறித்த வளையமிட்டு, அவற்றின் வழித்தடத்தைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கின்றனர்.

அந்தச் சதுப்பிலேதான் உப்பளங்களும் இருக்கின்றன. உப்பு வாருபவரும் உள்ளானும் ஒரே வெயிலிலே, ஒரே சேற்றிலே பாடுபடுகின்றனர். இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னர் தேவைப்படும்.

இனி, வாதங்கள்.

"பறந்த பறவை பத்து நிமிடத்திலே மீண்டும் இறங்கிவிடும். அதற்கு என்ன நட்டம்?" என்பது முதல் வாதம்.

நட்டம் உண்டா இல்லையா என்பதைக் கணக்குத்தான் கூறவேண்டும். நம் விருப்பம் கூறக்கூடாது. கொசு உள்ளான் என்றொரு பறவை கோடிக்கரைக்கு வருகிறது. எடை ஏறத்தாழ 25 கிராம். உள்ளங்கையிலே வைத்தால் இருப்பதே தெரியாது. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை ஒட்டிய உறைபனிச் சமவெளியில். பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து நம் சேற்றுக்கு வருகிறது. பங்குனி சித்திரையிலே மீண்டும் அவ்வளவு தொலைவும் திரும்ப வேண்டும். வழிச்செலவுக்கு அதனிடம் இருப்பது ஒன்றே ஒன்று: இங்கே தின்று, உடலிலே சேர்த்துக்கொள்ளும் கொழுப்பு. அந்தக் கொழுப்பு எத்தகைய ஆற்றல் என்பதற்கு ஒரு சான்று. 2022 அக்டோபரில், பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு, எங்கும் இறங்காமல், உண்ணாமல், பருகாமல், 11 நாள் பறந்து, 13,560 கிலோமீட்டர் கடந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. முதுகிலே ஒட்டிய சிறு கருவி அதன் வழியை விண்கோள் மூலம் அறிவித்தது. பிறந்து ஐந்தே மாதம் ஆன பறவை அது! அந்த இனத்துப் பறவைகள், நெடும்பயணத்துக்கு முன் தங்கள் குடலையும் இரைப்பையையும்கூடச் சுருக்கிக்கொண்டு, அந்த இடத்திலும் கொழுப்பையே சுமந்து செல்கின்றன.

இப்போது எண்ணிப் பாருங்கள். மேய்ந்துகொண்டிருக்கும் பறவையை எழுப்பினால், இரண்டு இழப்புகள் ஒருங்கே நேருகின்றன. உண்ணும் நேரம் போகிறது. உண்டு சேர்த்ததும் எரிகிறது. வரவு நிற்கிறது, செலவு கூடுகிறது. பூநாரையோ 2 முதல் 4 கிலோ எடையுள்ள பறவை. நின்ற இடத்திலிருந்து எழ அதனால் முடியாது. நீரின்மேல் ஓடி ஓடித்தான் காற்றிலே ஏறவேண்டும். நண்பரின் படத்திலே நாம் கண்டு வியந்த அந்த நீர்த்துளிகள் எவை? அந்தப் பறவை செலுத்த நேர்ந்த செலவின் சீட்டு!

"ஒரு மண்ணாங்கட்டிதானே! அதனாலா பறவை இனம் அழிந்துவிடும்?" என்பது அடுத்த வாதம்.

அழியாது. ஒரே ஒரு கட்டியாக இருந்தால் அழியாது. ஆனால், நண்பருக்குப் பின்னே இன்னொருவர் வருகிறார். அவருக்கும் ஒரு கட்டிதான். ஞாயிற்றுக்கிழமையிலே பத்துப் பேர் வருகின்றனர். ஆளுக்கு ஒரு கட்டிதான். எறிகிற கை ஒவ்வொன்றும் ஒருமுறைதான் எறிகிறது. எழுகிற பறவையோ பத்துமுறையும் எழுகிறது! "நான் ஒருவன்தானே" என்ற சொல்லுக்குள்ளே ஒளிந்துகொண்டு ஊரே குற்றம் செய்ய முடியும் என்பதை நாம் வேறு இடங்களிலும் கண்டிருக்கிறோம்.

கட்டிக்குப் பதிலாக இப்போது டிரோன் என்னும் ஆளில்லா வானூர்தியும் வந்துவிட்டது. 2021 மே மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியக் கரையிலுள்ள பொல்சா சிக்கா என்னும் உவர்ச் சதுப்பில், தடையை மீறிப் பறக்கவிடப்பட்ட டிரோன் ஒன்று, ஆலாக்கள் முட்டையிட்டிருந்த திட்டின்மேல் விழுந்தது. ஏறத்தாழ 3000 ஆலாக்கள் அஞ்சி எழுந்தன. கூட்டமாகவே அவ்விடத்தைக் கைவிட்டன. 1500-க்குக் குறையாத முட்டைகள் அடைகாப்பாரின்றி வீணாயின. டிரோனை இயக்கியவர் அவற்றைக் கொல்ல நினைத்திருக்கமாட்டார். அவருக்கும் அது ஒரே ஒருமுறைதான்.

"பூனைப்பருந்து துரத்துகிறதே, ஆளிப்பருந்து பாய்கிறதே, பறவை அஞ்சி எழுவது இயற்கைதானே? நான் துரத்தினால் மட்டும் தீங்கா?" என்று கேட்பவரும் உண்டு.

பருந்துக்கு வேறு உணவில்லை, வேறு வழியுமில்லை. வேறு வழி உண்டா என்று எண்ணிப் பார்க்கும் மூளையும் அதற்கில்லை. மூன்றும் உடைய மனிதன் பருந்தை வழக்கறிஞராக வைத்துக்கொள்வது அறிவுக்கு இழுக்கு. பருந்தைப்போல் நடப்பேன் என்பவர், பருந்தைப்போல் உண்டு, பருந்தைப்போல் உறங்கட்டும். காமிராவைக் கீழே வைத்துவிட்டு!

நான்காவது வாதம் இவற்றைவிட வலிமையானது. "சதுப்பைக் கழிவுநீர் கெடுக்கிறது, கரையோரமெங்கும் இறால் பண்ணைகள் பெருகின, ஈரநிலங்களைத் தூர்த்து வீடுகள் எழுப்பப்படுகின்றன. இவ்வளவு பெரிய தீமைகளை விட்டுவிட்டு, என் மண்ணாங்கட்டியைப் பிடித்துக்கொண்டீர்களே! என் படத்தைக் கண்டு நாலு பேர் பறவையை நேசிக்கத் தொடங்கினால், அது நன்மையல்லவா?"

ஆம், நன்மைதான். இதை மறுப்பதற்கில்லை. கண்டறியாத ஒன்றின்மீது மக்களுக்குப் பற்று வராது. காட்டுவதற்குப் படத்தைப்போன்ற கருவி வேறில்லை. காட்டுயிர்ப் படமெடுப்பதிலே புகழ்பெற்ற மா. கிருஷ்ணன் (1912-1996), பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலே படமெடுத்தவர். பல உறுப்புகளைத் தாமே ஒட்டிச் சேர்த்து உருவாக்கிய காமிராவைத் தோளிலே சுமந்து காடெல்லாம் நடந்தவர். இந்நாட்டு உயிரினங்களை இந்நாட்டு மக்களே அறியாதிருக்கிறார்களே என்ற கவலையோடு எழுத்தையும் படத்தையும் இரு கைகளாக்கிப் பணியாற்றியவர். படம் செய்யும் தொண்டுக்கு அவரே சான்று.

ஆனால், இந்த வாதத்திலேயே இதற்கான விடையும் இருக்கிறது. பெரிய தீமையைத் தடுக்கப் படம் உதவுகிறது என்றால், அந்தப் படம் என்னவாகிறது? சாட்சியாகிறது! சதுப்பு அழிகிறது என்று ஊர் நடுவே நின்று சாட்சி சொல்லவேண்டியவர் படமெடுப்பவர். சாட்சிக்கு முதல் தகுதி என்ன? உண்மை! "இப்பறவைகள் இங்கே இப்படி வாழ்கின்றன" என்று அவர் காட்டும் படத்திலே, பறவை தன் வாழ்வை வாழவில்லை. அவர் வீசிய கட்டிக்கு அஞ்சி ஓடுகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, "ஐயா, இந்தப் பறவைகள் ஏன் பறக்கின்றன?" என்று நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்டால், சாட்சி என்ன செய்வார்? கூண்டிலே நின்று சிரிப்பாரா?

படம் பொய் சொல்லாது என்பது பழைய நம்பிக்கை. பழைய நம்பிக்கைகளை உரைத்துப் பார்ப்பது நம் வழக்கமாதலால், இதையும் உரைத்துப் பார்ப்போம். இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்தும் காட்டுயிர்ப் படப் போட்டி உலகப் புகழ் பெற்றது. 2009-இல் முதற்பரிசு பெற்ற படம், வேலிக் கதவைத் தாண்டிப் பாயும் ஓநாய். அது காட்டு ஓநாயன்று, பழக்கப்பட்ட ஓநாயாகவே இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவுசெய்து, 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தனர். 2017-இல் ஒரு பிரிவிலே வென்ற படம், இரவிலே மின்னும் கரையான் புற்றை நெருங்கும் எறும்புதின்னி. அது உயிருள்ளதே அன்று, பாடம் செய்து வைத்த உடல் என்று வல்லுநர் கண்டுரைக்க, 2018 ஏப்ரலில் அந்தப் பரிசும் பறிபோனது. காமிரா பொய் சொல்லவில்லை. முன்னே இருந்ததைத்தான் பதிந்தது. பொய், காமிராவின் முன்னே ஏற்பாடு செய்யப்பட்டது. படத்தின் அடியிலே எழுதப்படாமல் விடப்பட்டது.

நண்பரின் படமும் அத்தகையதே. "விடுதலையின் வடிவம்!" என்றாரே கவிஞர், அவர் கண்டது எதை? அச்சத்தை! அஞ்சி ஓடும் கூட்டத்தைக் காட்டி, அதை விடுதலை என்று அவரை நம்பவைத்திருக்கிறது படம். இதைவிடப் பெரிய தலைகீழ்ப் பாடம் வேறுண்டா?

"அச்சம் என்கிறீர்களே, பறவைக்கு அச்சம் உண்டு என்பதற்கு என்ன ஆதாரம்? இதுவும் ஒரு நம்பிக்கைதானே?" என்று கேட்கும் இளைஞரை நான் வரவேற்கிறேன். கேட்கவேண்டிய கேள்வி. இதை ஆராய்ந்தவர் டார்வின். மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சிகள் வெளிப்படும் விதத்தைப் பற்றி 1872-இல் அவர் ஒரு நூல் எழுதினார். அச்சத்தால் மயிர் சிலிர்ப்பது, இறகு விரிவது, இதயம் துடிப்பது, இவையெல்லாம் மனிதனுக்கும் பிற உயிர்களுக்கும் பொதுவான மரபிலிருந்து வந்தவை என்று எடுத்துக்காட்டினார். வியப்பு என்னவெனில், விளக்கத்துக்காகப் புகைப்படங்களை அச்சிட்டு வெளிவந்த தொடக்ககால அறிவியல் நூல்களிலே அதுவும் ஒன்று! உயிர்களின் உணர்ச்சியை அறிவதற்குப் படம் துணைநின்றது அன்று. அதே உணர்ச்சியை மிதித்துப் படம் எடுக்கிறோம் இன்று.

பறவையின் பறத்தலைப் படமாக்கத் தொடங்கிய வரலாறும் சுவையானது. பிரெஞ்சு உடலியல் அறிஞர் மாரே, 1882-இல் ஒரு கருவி செய்தார். பார்வைக்கு அது துப்பாக்கி! தோளிலே வைத்துக் குறிபார்த்து விசையை இழுத்தால், குண்டுக்குப் பதிலாக ஒரு வினாடிக்கு 12 படங்கள் பதிவாகும். இறக்கை எப்படி மேலேறிக் கீழிறங்குகிறது என்று உலகம் கண்டது அதனால்தான். துப்பாக்கியின் வடிவை எடுத்துக்கொண்டு, அதன் கொலைத்தொழிலை நீக்கி, அறிவுத் தொழிலைத் தந்தார் மாரே. இங்கிலாந்திலே கீர்ட்டன் உடன்பிறந்தார் இருவர், 1895-இல், பறவைக் கூடுகளை இயற்கையான இடத்திலேயே எடுத்த படங்களால் நிரம்பிய ஒரு நூலை வெளியிட்டனர். பறவை அஞ்சாதிருக்க, எருதின் உருவம் ஒன்று செய்து, அதன் வயிற்றுக்குள்ளே ஒளிந்திருந்து படமெடுத்தவர்கள் அவர்கள்! அன்று கருவி பெரிது, லென்ஸ் சிறிது. ஆகவே, மனிதன் ஒளிந்தான். இன்று லென்ஸ் தொலைவை விழுங்குகிறது. பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் காமிரா, வினாடிக்கு 20, 30 படங்கள் எடுக்கிறது. இவ்வளவு வளர்ந்த பின்னும், கையிலே மண்ணாங்கட்டி தேவைப்படுகிறது என்றால், வளராதது எது?

நம் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது தெரியுமா? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குப் பொருள் கூறுகிறது. கொல்வது மட்டுமா வேட்டை? பிடிப்பதும், விரட்டுவதும், இரை வைத்து ஈர்ப்பதும், அதற்கு முயல்வதும்கூட வேட்டையே என்கிறது. பறவையின் முட்டையையும் கூட்டையும் குலைப்பதையும் அதிலே சேர்க்கிறது. நண்பர் தாம் வேட்டைக்காரரல்லர் என்கிறார். சட்டப் புத்தகமோ, விரட்டினாயா என்று கேட்கிறது!

ஆனால், சட்டத்தைக் காட்டி இந்த வழக்கை முடித்துவிட எனக்கு மனமில்லை. ஏனெனில், சதுப்பிலே அந்நேரம் காவலர் இல்லை. கண்டவர் எவருமில்லை, உப்பு வாரியவரைத் தவிர. அவரும் சாட்சி சொல்ல வரப்போவதில்லை. இங்கேதான் வழக்கின் உயிர்நாடி இருக்கிறது.

காவலர் இல்லாத இடத்திலே, ஊரார் கண் படாத இடத்திலே, வாயில்லா உயிரொன்றின் முன்னே, நாம் ஏன் நேர்மையாக நடக்கவேண்டும்? மறுமையிலே தண்டனை என்று சொல்லி அஞ்சவைக்கும் முறையை நாம் ஏற்பதில்லை. அப்படியானால், நம்மைத் தடுப்பது எது? "கணக்குக் கேட்பவர் எவருமில்லை, ஆகவே, எறியலாம்" என்றுதானே முடியும் என்று நம்மை நோக்கிக் கேட்பவர்கள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு மேடையிலே விடை சொல்வது எளிது. சதுப்பிலே, கையிலே கட்டியோடு நிற்கும்போது சொல்லும் விடையே விடை!

என் விடை இது. அறிந்தவனுக்கு அறிவே காவல். 25 கிராம் எடையுள்ள உயிர் பல்லாயிரம் கிலோமீட்டர் பறக்க வேண்டும் என்பதை அறியாத சிறுவன் கல்லெறிந்தால், அவனுக்குக் கற்பிக்க வேண்டும். அறிந்தவன் எறிந்தால், அவன் தன் அறிவையே பொய்யாக்குகிறான். "அதன் பசி எனக்குத் தெரியும், தெரிந்தும் எனக்குக் கவலையில்லை" என்று தன் செயலால் கூறுகிறான். எளியவனின் பசி தெரிந்தும் கவலைப்படாதவர்களை எதிர்த்துத்தானே நாம் பேசுகிறோம், எழுதுகிறோம்? அந்தப் பாடம் மனிதனோடு நின்றுவிட வேண்டும் என்பதற்கு என்ன காரணம் காட்டமுடியும்? மனிதனுக்கே முதலிடம் தருவோம், ஐயமில்லை. ஆனால், இங்கே மனிதனின் உணவுக்கும் பறவையின் உணவுக்கும் போட்டியில்லை. சுவரிலே தொங்கும் ஓர் அழகுக்கும், ஓர் உயிரின் காலை உணவுக்கும்தான் போட்டி.

இப்போது அந்த உப்பளத் தொழிலாளியிடம் திரும்புவோம். அவர் டார்வினைப் படித்திருக்கமாட்டார். ராம்சார் என்ற சொல்லையும் கேட்டிருக்கமாட்டார். ஆனால், வெயில் ஏறுமுன் வாரவேண்டியதை வாரினால்தான் கூலி என்பது அவருக்குத் தெரியும். வேலையிலே இருப்பவனை, இன்னொருவனின் விளையாட்டுக்காக எழுப்பி ஓட்டினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். "அதுங்க மேயுது, மேயட்டும்" என்றாரே, அதிலே 'மேயுது' என்பது ஒரு செய்தி, 'மேயட்டும்' என்பது ஒரு முடிவு. செய்தியிலிருந்து முடிவுக்கு நேரே சென்றுவிட்டார். நண்பருக்கும் செய்தி தெரியும். ஆனால், முடிவுக்கு வரும் வழியிலே நூறு ரூபாயும் ஒரு படமும் குறுக்கே நின்றன.

அப்படியானால், பறவையைப் படமெடுக்கவே கூடாதா? எடுக்கவேண்டும்! எடுப்பவர் பெருகவேண்டும்! ஆனால், எடுக்கும் முறை வேறு.

பறவை தன் காரணத்துக்காகவே பறக்கிறது. அந்தக் காரணத்தை அறிந்துகொண்டால் கட்டி தேவையில்லை. காற்றை எதிர்த்தே பறவை எழும், காற்றை எதிர்த்தே இறங்கும். காற்றும் கதிரவனும் நம் முதுகுப்புறம் இருக்குமாறு நின்றால், எழும் பறவை நம்மை நோக்கியே வரும். எழுவதற்கு முன் அது தலையை நிமிர்த்தும், கழுத்தை நீட்டும். கற்றவனுக்கு அதுவே அறிவிப்பு. மேய்வதை நிறுத்தி நம்மைப் பார்த்தால், நடந்து விலகத் தொடங்கினால், நாம் எல்லையைக் கடந்துவிட்டோம் என்று பொருள், பின்வாங்கவேண்டும். புதருக்குப் பின்னே அமர்ந்து, அசையாதிருந்தால், நாம் நினைத்தும் பாராத காட்சிகள் வரும். பூநாரை சேற்றை மிதித்து மிதித்து வட்டமிடும். அலகைத் தலைகீழாக்கி, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளி வடிகட்டும். கூட்டமாக நிமிர்ந்து, தலையை இடமும் வலமும் வெட்டித் திருப்பி, கழுத்தை நீட்டிச் சட்டென்று இறக்கையை விரித்து நிற்கும் காதல் நடனமும் உண்டு. அந்தச் செம்மையும் கருமையும் அப்போதும் வெளிப்படும், அச்சத்தால் அன்று, வேட்கையால்! நண்பர் எறிந்த கட்டி, அந்தக் காட்சி ஒருவேளை வரவிருந்த காலைப்பொழுதையும் சேர்த்து விரட்டிவிட்டது.

சத்திமுத்தப் புலவர், நாரையை நோக்கித் தன் வறுமையைச் சொல்லித் தூது வேண்டினார் என்பது தமிழ் கற்ற அனைவரும் அறிந்தது. அதன் அலகைப் பனங்கிழங்கோடு ஒப்பிடும் அளவுக்கு உற்று நோக்கியிருக்கிறார். அவரிடம் லென்ஸ் இல்லை. குளிருக்குப் போர்வையும் இல்லை. அவருக்கும் நாரையிடம் காரியம் ஆகவேண்டியிருந்தது, கேட்டார், விரட்டவில்லை. பார்க்கத் தெரிந்தவனுக்கு விரட்டத் தேவையில்லை.

ஒரு வாரம் கழித்து நண்பரைச் சந்தித்தேன். இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி, படத்தைக் கழற்றிவிடட்டுமா?" என்றார், சற்றுக் கோபத்தோடு.

"வேண்டாம், அது அழகான படம். அதன் அடியிலே ஒரு வரி மட்டும் எழுதிவிடுங்கள்" என்றேன்.

"என்ன வரி?"

"'மேய்ந்துகொண்டிருந்தவற்றை மண்ணாங்கட்டி வீசி எழுப்பி எடுத்தது.' நடந்ததை நடந்தபடி, அவ்வளவுதான்."

அவர் பேசவில்லை. படம் இன்னும் தொங்குகிறது. வரி இன்னும் எழுதப்படவில்லை. ஆனால், அண்மையிலே சென்றிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். வந்தவர்களிடம் அந்தக் கதையை அவர் இப்போது சொல்வதில்லை. சிரித்துச் சொன்ன கதையைச் சொல்ல நா கூசுகிறது என்றால், வழக்கிலே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் நானல்லேன், அவரே!

தோழர்களே! சதுப்புக்குச் செல்லுங்கள், காமிராவோடு செல்லுங்கள். அங்கே உங்களைக் கண்காணிக்க எவருமில்லை. விசையை அழுத்துமுன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை எப்படி எடுத்தேன் என்பதை, இந்தப் படத்தின் அடியிலே, ஊரறிய, என் கையாலேயே எழுத முடியுமா? முடியும் என்றால் எடுங்கள். முடியாதென்றால், கையிலுள்ள கட்டியைக் கீழே போடுங்கள்.

அதுங்க மேயட்டும்!